ஜாவா சாலையில் ஒரு விழுப்புரம் பேருந்து

விழுப்புரத்து மேடையில் நின்று பேருந்தைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற வேலை. சென்னையிலிருந்து தெற்கே போகிற வண்டிகளில் பெரும்பகுதி திண்டிவனத்தையும் இந்த ஊரையும் ஒட்டித்தான் போகிறது. ரயிலும் அப்படித்தான்: சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைகளுக்குத் தண்டவாளம் பிரிகிற சந்திப்பு இது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு கோட்டத்துக்கு இதுவே தலைமையிடம். அரசு பஸ் எப்படி இருக்கும், எப்படி ஓடும், எந்த நிறுத்தத்தில் நிற்காமல் போகும் என்பதெல்லாம் இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு மனப்பாடம்.

இன்றைய பேச்சு வேறொரு பேருந்தைப் பற்றியது. அதுவும் விழுப்புரம் கோட்டத்து வண்டிதான். நம்பர் பலகை ‘டி.என். 32 என்’ என்று தொடங்குகிறது. நெற்றியில் தமிழில் ஊர்ப்பெயர் இருக்கிறது. ஆனால் அது ஓடுகிற சாலை இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இருக்கிறது. ஓட்டுகிறவர் பல சமயம் லைசென்ஸ் எடுக்கிற வயதுகூட வராத ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்.

‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்பது அந்த மொபைல் விளையாட்டின் பெயர். விளையாடுகிறவர்கள் ‘பஸ்ஸிட்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். மாலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017இல் வெளியிட்டது. கூகுள் பிளேயில் 10 கோடிப் பதிவிறக்கங்களைத் தாண்டியது. விளையாட்டு வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2016 டிசம்பரில், ஜாவாவின் சாலையோரச் சிறுவர்கள் உலகப் புகழ் பெற்றிருந்தார்கள். தொலைதூர பஸ் வரும்போது அட்டையைத் தூக்கிப் பிடித்து ‘ஓம் தெலோலெட் ஓம்’ என்று கத்துவார்கள். மாமா, அந்த மெட்டு ஹாரனை அடியுங்கள் மாமா என்று அர்த்தம். டிரைவர் அடித்துவிட்டால் துள்ளிக் குதிப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். அந்த வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவின, ஐரோப்பிய இசைக்கலைஞர்கள்கூட அதைப் பற்றி ட்வீட் போட்டார்கள். பஸ்ஸிட் விளையாட்டு அந்த ஹாரனையும் தன் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டது. ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் நின்று ‘அண்ணா, ஹாரன் அடிங்கண்ணா’ என்று கையை ஆட்டிய தலைமுறைக்கு இதற்கு உரை தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டு ஒட்டிக்கொண்டதற்குச் சாதாரணமான காரணங்கள் இருக்கின்றன. இந்தோனேசியாவிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கச் சாலை விளையாட்டுகளில் பெரும்பாலானவை நேர் எதிர். கையும் கண்ணும் பழகவே நேரம் பிடிக்கும். ஜாவாவில் நெல்வயல் வருகிறது, ஓட்டு வீடு வருகிறது, குறுக்கே பைக் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியின் உடம்பில் எந்தப் படத்தையும் ஒட்டிக்கொள்ளலாம், புதிய வண்டியையே வடிவமைத்துச் சேர்க்கலாம் என்று அந்த நிறுவனம் கதவைத் திறந்து வைத்தது. அந்தக் கதவு வழியாகத்தான் விழுப்புரம் கோட்டம் உள்ளே நுழைந்தது.

அப்படி ஒட்டுகிற படத்துக்கு லிவரி என்று பெயர். ஸ்கின் என்றும் சொல்வார்கள். பஸ்ஸின் இடப்பக்கம், வலப்பக்கம், முகம், முதுகு எல்லாவற்றையும் பிரித்து ஒரே தட்டையான படமாக விரித்து வைத்திருப்பார்கள். அதில் வண்ணம் பூசி, எழுத்து எழுதி, விளையாட்டுக்குள் ஏற்றினால் அது வண்டியைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். இதைச் செய்கிற இளைஞர்கள் காட்டுகிற கறார்தனம் வியப்பூட்டும். பழைய பச்சை வண்டியா, 2023இல் புதுப்பித்து மஞ்சள் பூசிய வண்டியா, விரைவுப் பேருந்துக் கழகத்தின் நீல வண்டியா என்பது முதல் கேள்வி. அடுத்தது நம்பர்: விழுப்புரம் என்றால் 32, கடலூர் என்றால் 31, திருவண்ணாமலை என்றால் 25, பின்னால் அரசு வண்டிக்கான ‘என்’ எழுத்து. கண்ணாடிக்கு மேல் இருக்கும் எழுத்தின் தடிமன், ஏணி எந்தப் பக்கம், கரூரில் கட்டிய பாடிக்கும் மற்றப் பாடிக்கும் உள்ள வளைவு வித்தியாசம் வரை விவாதம் போகும். தமிழில் யூடியூபில் தேடினால் இந்த வகை வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. கோட்டத்தின் பெயரைத் தப்பாக எழுதினால் கமென்ட்டில் விட மாட்டார்கள்.

பெயர் மாறிய வரலாறும் அந்தப் பையன்களில் சிலருக்குத் தெரிந்திருக்கிறது. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். 1997இல் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டியதை ஒட்டிச் சாதிக் கலவரம் வெடித்தபோது, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் அரசு எடுத்துவிட்டது. பிறகு வந்ததுதான் இப்போதைய நீண்ட பெயர். அவர்கள் பிறப்பதற்கு முன்பே மறைந்த ‘தந்தை பெரியார்’ எழுத்தோடு ஒரு பழைய வண்டியை வரைந்து, அதை ஜாவாவில் ஓட்டுகிற ஆசையும் இந்தப் பொழுதுபோக்குக்குள் இருக்கிறது.

சரி, ஓட்டினால் என்ன நடக்கும்?

ஒன்றும் நடக்காது. ஒரு ஊரில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். முன்னால் லாரி போகும். அதன் பின்னால் போக வேண்டும். டிராஃபிக்கில் மாட்டினால் நிற்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் விளையாட்டுப் பணம் கிடைக்கும், அதை வைத்து இன்னொரு வண்டி வாங்கலாம். சுடுவதற்கு யாரும் இல்லை, துரத்துவதற்கும் யாரும் இல்லை. நூறு பேர் பாராசூட்டில் குதித்துக் கடைசி ஆள் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்கிற பப்ஜி இந்தியாவைப் பிடித்து ஆட்டிய அதே ஆண்டுகளில்தான் இந்த ஒன்றும் நடக்காத விளையாட்டும் வளர்ந்தது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது நாடெங்கும் புலம்பல் கேட்டது. பஸ் ஓட்டுகிறவர்கள் அன்றும் பஸ் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒன்றும் நடக்காத பஸ் பயணத்தை முதலில் விளையாட்டாகச் செய்தவர்கள் அதைக் கேலியாகத்தான் செய்தார்கள். அமெரிக்க மாயாஜால இரட்டையர் பென், டெல்லர் பெயரில் 1995இல் சேகா சிடிக்காகத் தயாரான தொகுப்பில் ‘டெசர்ட் பஸ்’ என்று ஒன்று இருந்தது. வன்முறை விளையாட்டுகளுக்கு எதிராக அப்போது எழுந்த கூச்சலுக்கு அது பதில்: இதோ, யதார்த்தமான, யாரையும் கெடுக்காத விளையாட்டு! அரிசோனாவின் டூசானிலிருந்து லாஸ் வேகஸுக்குப் பாலைவனத்தில் 8 மணி நேரம், நிஜக் கடிகாரத்தின்படி, மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாத காலி பஸ்ஸை ஓட்ட வேண்டும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், ஆகவே கையை எடுக்க முடியாது. நடுவில் நிறுத்திவைக்கவும் முடியாது. போய்ச் சேர்ந்தால் 1 புள்ளி. பிறகு திரும்பி ஓட்டலாம். அந்தத் தொகுப்பு கடைக்கே வரவில்லை. ஆனால் 2007இலிருந்து ஆண்டுதோறும் அதை நாள்கணக்கில் நேரலையாக ஓட்டி, மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளுக்காக நன்கொடை திரட்டுகிறார்கள். கேலி செய்யப் பிறந்த பொருளுக்கு ரசிகர்கள் உண்டானது மட்டுமல்ல, அந்த ரசிகர்கள் பார்ப்பது பஸ் ஓடுவதைத்தான்.

நார்வேயின் அரசுத் தொலைக்காட்சி 2009 நவம்பரில் பெர்கன் நகரத்திலிருந்து ஆஸ்லோ வரை 7 மணி நேர ரயில் பயணத்தை முழுசாக ஒளிபரப்பியது. பெரும்பாலும் இன்ஜின் முகத்துக் கேமராவின் காட்சிதான். சுமார் 12 லட்சம் பேர் கொஞ்ச நேரமாவது பார்த்தார்கள், அந்த நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. 2011இல் 134 மணி நேரக் கப்பல் பயணத்தையும் காட்டினார்கள். இதற்கெல்லாம் நார்வே வரை போக வேண்டியதில்லை என்று ஒலக்கூர், பாஞ்சாலம், பேரணி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு நிலையமாக நின்று போகிற தாம்பரம் பாசஞ்சரில் ஏறியவர்கள் சொல்லக்கூடும். ஆனால் அந்த ரயிலில் இடம் கிடைத்து, ஜன்னலும் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

மொபைலில் மெதுவான விளையாட்டு என்பது பஸ்ஸோடு முடியவில்லை. 2014இல் லண்டனின் அஸ்டூ நிறுவனம் வெளியிட்ட ‘மான்யுமென்ட் வேலி’யில் ஐடா என்ற சிறுமி, கண்ணை ஏமாற்றும் கோபுரங்களில் நடந்துகொண்டே இருப்பாள், தோற்கவே முடியாது, நேரக்கணக்கும் கிடையாது. ஜப்பானின் ஹிட்பாயின்ட் நிறுவனத்தின் தவளை விளையாட்டு இன்னும் ஒரு படி மேல். 2017இல் வந்த அதில் ஊர் சுற்றுவது தவளை மட்டும்தான். விளையாடுகிறவர் கட்டுச்சோறு கட்டி மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது எப்போது கிளம்பும், எப்போது வரும் என்று தெரியாது. நினைத்தால் வழியிலிருந்து ஒரு படம் அனுப்பும். ஜப்பானிய மொழியில் மட்டுமே இருந்த அந்த விளையாட்டு 2018இன் தொடக்கத்தில் சீனாவில் காட்டுத்தீயாகப் பரவியது.

வடிவமைப்பைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் 2015இல் வந்த ‘ஆல்டோஸ் அட்வென்ச்சர்’. டொரண்டோவின் ஸ்னோமேன் நிறுவனத்துடையது. பனிமலைச் சரிவில் ஒருவன் வழுக்கிக்கொண்டு போவான், விரலால் தொட்டால் குதிப்பான். இலக்கணப்படி இது 2011இல் வந்த ‘டெம்பிள் ரன்’ வகையறாதான்: முடிவில்லாத ஓட்டம், ஒரு தப்பு செய்தால் ஆட்டம் காலி. டெம்பிள் ரன்னில் பேய்க்குரங்குகள் துரத்தும், போகப் போக வேகம் ஏறும், விரல் வியர்க்கும். ஆல்டோவிலும் கிழவர்கள் துரத்துவது உண்டு. ஆனால் அதில் ‘ஸென்’ என்று தனி முறை ஒன்று வைத்தார்கள். அங்கே கிழவர் இல்லை, காசு இல்லை, புள்ளி இல்லை. விழுந்தால் எழுந்து போகலாம். பொழுது விடியும், சாயும், பனி கொட்டும், இசை மாறும். ஆட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, பயத்தை மட்டும் உருவி எடுத்திருக்கிறார்கள். அவன் வழுக்குகிற வேகம் குறையவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிதானம் என்பது வேகத்தைப் பொறுத்தது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

வேகம் இல்லையென்றால், பிறகு எதைப் பொறுத்தது?

ஒரு நிஜப் பேருந்தில் இரண்டு விதமான இருக்கைகள் உண்டு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவருக்குக் கண் சும்மா இருக்கிறது, கையும் சும்மா இருக்கிறது. பார்க்கலாம், ஆனால் சும்மா இருக்கிற கை சீக்கிரமே பைக்குள் போய் மொபைலை எடுத்துவிடுகிறது. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்குக் கைக்கும் வேலை, காலுக்கும் வேலை, கண்ணுக்கு அதைவிடப் பெரிய வேலை. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியைப் பொங்கல் நெரிசலில் கடக்கிறவர் வயலைப் பார்ப்பதில்லை. நிதானமான விளையாட்டுகள் தருவது நிஜ வண்டியில் இல்லாத மூன்றாவது இருக்கை. அங்கே கைக்குக் கொஞ்சம் வேலை உண்டு, கண்ணுக்கு விடுதலை உண்டு. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதால் மனம் வேறு எங்கும் ஓடாது. மோதினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதால் பார்வை சாலையை விட்டு விலகி ஊரைப் பார்க்கிறது. ஆல்டோவின் விரல் தொடுகையும் ஐடாவின் நடையும் பஸ்ஸிட்டின் ஸ்டீயரிங்கும் செய்கிற வேலை இது ஒன்றுதான். சும்மா நிலப்பரப்பைக் காட்டும் வீடியோவை ஐந்து நிமிடத்தில் மூடிவிடுகிறவர், அதே நிலப்பரப்பில் வண்டி ஓட்டச் சொன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அந்தக் கொஞ்சம் வேலை.

உளவியலில் இதற்கு அருகில் வருகிற ஒரு கருத்து உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி 1989இல் வெளியிட்ட நூலில், குறிவைத்துக் கவனித்துக் களைத்த மனம் எப்படி மீள்கிறது என்று விவரித்தார்கள். மேகம், இலை அசைவு, ஓடும் நீர் போன்றவை கவனத்தைப் பிடுங்காமல் இழுக்கின்றன. அந்த மென்மையான ஈர்ப்பில் களைத்த பகுதி ஓய்வெடுக்கிறது என்பது அவர்களுடைய வாதம். அவர்கள் மனத்தில் இருந்தது தோட்டமும் காடும்தான், ஐந்தரை அங்குலத் திரை அல்ல. திரைக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியுமா என்பதில் எச்சரிக்கை தேவை. ‘மன அழுத்தம் போக்கும்’ என்று தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்ளும் செயலிகள் அந்த எச்சரிக்கையைக் காட்டுவதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு இணைய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டு முறை இந்தக் கேள்வியைத் தொட்டார்கள். 2020இல், விளையாடியவர்கள் நினைவிலிருந்து சொன்ன நேரத்தை நம்பாமல், நிறுவனங்களிடமிருந்தே நிஜமான நேரக்கணக்கை வாங்கிப் பார்த்தார்கள். ‘அனிமல் கிராசிங்’ என்ற சாவகாசமான தீவு விளையாட்டும் அதில் ஒன்று. அதிக நேரம் விளையாடியவர்கள் சற்றே நல்ல மனநிலையில் இருந்தார்கள் என்று தெரிந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. 2022இல் அதே குழுவினர் சுமார் 39,000 பேரை, ஏழு விளையாட்டுகளில், ஆறு வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். இந்த முறை விளையாடும் நேரத்தால் மனநலம் கூடியதாகவும் தெரியவில்லை, குறைந்ததாகவும் தெரியவில்லை. இரண்டாவது ஆய்வு முதல் ஆய்வின் அளவுக்குச் செய்தியாகவில்லை. மெதுவான விளையாட்டு மருந்து அல்ல. சாயங்காலத் திண்ணையும் மருந்து அல்ல. அதற்காக யாரும் திண்ணையை இடிக்கச் சொன்னதில்லை.

நிஜ ஓட்டுநர்களிடம் இந்த விளையாட்டைக் காட்டினால் சிரிப்பார்கள். அவர்கள் நாளைத் தீர்மானிப்பவை மூன்று: ரன்னிங் டைம், கலெக்‌ஷன், கே.எம்.பி.எல். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அந்தக் கடைசிக் கணக்கு பணிமனையில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எழுதப்படுகிறது. இந்த மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது சாலை, ஸ்டீயரிங், பாட்டு. பையன்கள் விளையாடுவது அந்த மிச்சத்தைத்தான். ஓட்டுநர் வேலையின் மீது அவர்களுக்கு இருக்கிற மரியாதை நிஜமானது. அந்த வேலையின் சுமை அவர்களுக்குத் தெரியாது என்பதும் நிஜம்.

கேரளத்தில் இதே மோகத்துக்கு வேறொரு முகம் உண்டு. அங்கே பஸ்ஸிட்டுக்குள் வந்தவை பெரும்பாலும் சுற்றுலா பஸ்கள்: உடம்பெங்கும் ஓவியம், உள்ளே லேசர் விளக்கு, காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி. 2022 அக்டோபர் 5ஆம் தேதி இரவு பாலக்காட்டு வடக்கஞ்சேரி அருகே பள்ளி மாணவர்களை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போன சுற்றுலா பஸ், அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, சுற்றுலா பஸ்கள் எல்லாம் வெள்ளை வண்ணத்தில்தான் ஓட வேண்டும் என்ற விதியை அம்மாநிலம் கடுமையாக அமல்படுத்தியது. சாலையில் வெளுத்துப்போன அந்த ஓவியங்கள் மொபைல் விளையாட்டில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. வேகத்துக்கும் பகட்டுக்கும் அந்த ஊர் பஸ் ரசிகர்கள் அடிமைப்பட்டார்கள் என்று பொதுவாகத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரு வண்டியின் ஆபத்தான பகுதியை உயிரில்லாத திரைக்கு இடம் மாற்றியதில் யாருக்கு நஷ்டம் என்று யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நிதானத்தை விற்கிறவர்களிடமும் பேராசை இல்லாமல் இல்லை. ‘ஜர்னி’ என்ற அருமையான நடைப்பயண விளையாட்டை 2012இல் கொடுத்த தட்கேம்கம்பெனி, 2019இல் மொபைலுக்கு ‘ஸ்கை’ கொண்டுவந்தது. மேகங்களுக்குள் பறக்கலாம், முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சே இல்லாமல், அடுத்த மலைக்குப் போகலாம். அவ்வளவு மென்மையான விளையாட்டிலும் மெழுகுவத்தி சேர்த்தால்தான் புது உடை கிடைக்கும், சீசன் முடிந்தால் அதன் உடைகளைப் பெறுவது கடினம். விளைவு, தினமும் ஒரே வழியில் பறந்து மெழுகுவத்தி பொறுக்குவதைப் பலர் கடமையாக்கிக்கொண்டார்கள். அதற்கு ‘கேண்டில் ரன்’ என்று பெயரும் வைத்தாயிற்று. ஓய்வெடுக்கப் போன இடத்தில் வருகைப் பதிவேடு! முதலிலேயே காசு கொடுத்து வாங்குகிற ஆல்டோவின் ஐபோன் பதிப்பும் மான்யுமென்ட் வேலியும் இந்த விஷயத்தில் நாணயமானவை. ஆனால் இலவசமாகக் கிடைப்பதையே தேடுகிற சந்தையில் நாணயத்துக்கு விலை கூடுதல்.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் 2025 பிப்ரவரி விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்குக் கதவை மூடின. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடை செய்யும் சட்டம் இயற்றியது. பஸ் ஓட்டுகிறவரை இந்தச் சட்டங்கள் தொடவில்லை. அம்மா திட்டினால்தான் உண்டு.

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் பொறுத்தவரை இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நான்குவழிச் சாலை வந்த பிறகு தொலைதூர வண்டிகள் ஊருக்குள் நுழைவது குறைந்துவிட்டது. திண்டிவனம் என்றால் மேம்பாலம், விழுப்புரம் என்றால் பைபாஸ் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாலையிலிருந்து ஊர் மறைந்ததுபோல், விளையாட்டுகளின் வரைபடங்களிலும் சிற்றூர்கள் வெறும் வெற்றிடம்தான். வீதியில் நடந்து விளையாடும் ‘போக்கிமான் கோ’ 2016 டிசம்பரில் ஜியோவுடன் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தபோது ஜியோ கடைகளே நிறுத்தங்களாயின. பெருநகரத்தில் தெருவுக்குத் தெரு விளையாடலாம்; சிற்றூரில் கடையைத் தாண்டினால் ஒன்றுமில்லை. கூகுள் தன் வீதிக்காட்சியை 2022 ஜூலையில் இந்தியாவில் மறுபடி தொடங்கியபோது அறிவித்த 10 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டுமே இருந்தது.

இந்த வெற்றிடத்தை நிரப்ப ஆட்கள் இல்லாமல் இல்லை. ‘இந்தியன் டிரெயின் சிமுலேட்டர்’ செய்த ஹைப்ரோ இன்டராக்டிவ் சென்னை நிறுவனம்தான். டொரண்டோவின் விசாய் கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ இன்னும் துணிச்சலான உதாரணம்: 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் அதன் உலகம். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதே முதல் புதிர். பாதி அழிந்த சமையல் குறிப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். வெளிநாட்டுக்காரருக்குப் புரியுமா என்று அவர்கள் தயங்கவில்லை. அடுத்த ஆண்டு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது; சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். பெரும்பரிசும் அதற்கே போனது.

இந்த மாவட்டத்தில் மெதுவாகச் சுற்றிப் பார்க்கப் பொருள் குறைவா? விழுப்புரம்–செஞ்சி சாலையை ஒட்டி மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்லில் பொறித்து வைத்த 7ஆம் நூற்றாண்டுக் குடைவரை இருக்கிறது. திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனெரா 1781இலேயே அவற்றைப் பற்றி எழுதினார், பின்னாளில் அது தேசியப் புவியியல் சின்னமானது. மரக்காணம் பக்கம் போனால் உப்பளம், அதை ஒட்டிக் கழுவெளியில் பறவைகள். செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடுகிறது கோட்டை மதில். 1690 முதல் 1698 வரை மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளேயும் முகலாயப் படை வெளியேயும் காத்துக் கிடந்த முற்றுகையைவிட மெதுவான விளையாட்டை எவரும் யோசித்திருக்க முடியாது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் யுனெஸ்கோ அந்தக் கோட்டையைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் இந்த ஊருக்கான விளையாட்டு வரைபடத்தைக் கோட்டையிலிருந்து தொடங்கினால் அது சுற்றுலாத்துறைப் படமாகிவிடும். தொடங்க வேண்டிய இடம் திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற டவுன் பஸ். 30 கிலோமீட்டருக்குள் அடங்குகிற சாலை. தீவனூர்ப் பிள்ளையார் கோயில், கோடையில் சாலையோரம் குவியும் தர்ப்பூசணி, மணிலாக் கொல்லை, பிறகு தூரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாறை அடுக்கிய குன்றுகள். பஸ்ஸிட்டுக்குப் புது வரைபடம் செய்யத் தெரிந்த பையன்களுக்குப் பாறையும் புளியமரமும் வரைவது பெரிய காரியம் அல்ல. கஷ்டமானது நிறுத்தங்கள்தான்: எங்கே நிழற்குடை, எங்கே வெறும் மரம், எந்த நிறுத்தத்தில் பள்ளி விட்டதும் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஏறுவார்கள், எங்கே கண்டக்டர் விசில் அடிக்காமலே வண்டி நிற்கும். இவை எந்த வரைபடத்திலும் இல்லை. காலை முதல் வண்டியில் ஏறி ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். எழுதப் போகிறவர் பெண்ணாக இருந்தால் டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசும் மிச்சம்.